கேளாமல் பிடித்த பணம்: பிரிட்டனின் தொழிலாளர் ஓய்வூதியமும் அதன் காவலும்

கூலியில் பிடித்தம் என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளியாத தொழிலாளி இரார். பாவு பிணைத்து, தார் சுற்றி, வாரம் முழுவதும் குழித்தறியில் கால் மிதித்து நெய்த சேலையைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டுக் கூலிக்குக் கை நீட்டும்போது, “சிக்கன நிதிக்கு இவ்வளவு பிடித்தம்” என்று எழுத்தர் கூறினால், அன்றைய அடுப்புச் செலவுதான் மனத்தின் முன் நிற்கும். கண் மங்கிக் கை நடுங்கும் அறுபதாம் வயது முன் நிற்பதில்லை. விளைச்சல் பணத்தைக் கையில் வாங்கும் விவசாயியின் நிலையும் இதுவே. இஃது அறியாமை அன்று, மனித இயல்பு. நாளைக்கு என்று நினைத்தது நாளை மறுநாளுக்குத் தள்ளிப்போகும், ஆண்டுகள் ஓடிவிடும்.

இந்த இயல்பைக் கண்டித்துப் பயனில்லை என்று கண்டு, அதனையே துணையாகக் கொண்டு முதுமைக்குப் பொருள் சேர்க்க ஒரு நாடு சட்டம் செய்தது. அந்நாடு பிரிட்டன், திட்டம் நடைமுறைக்கு வந்தது 2012 அக்டோபரில். இம்மாதப் பாடமாக அதனை எடுத்துக்கொள்வோம். நெசவாளரும் விவசாயிகளும் நிறைந்த நம் சங்கங்களுக்கு அயல்நாட்டுத் தொழிலாளியின் பென்ஷன் எதற்கு என்று சில அங்கத்தினர்கள் கேட்கலாம். ஒருவரைக் கேளாமல் பிடித்த பணத்தை யார் காப்பது, எவ்வாறு காப்பது என்னும் வினா அங்கு எழுந்தது; இங்கும் எழுந்திருக்கிறது. நான் கண்ட ஒன்றைப் பின்னர் கூறுவேன்.

சட்டி இருந்தது, சோறு இல்லை

பிரிட்டனில் முதியோருக்கு அரசே ஓய்வூதியம் அளிக்கும் சட்டம் 1908-இல் வந்தது. 1909 ஜனவரி முதல், எழுபது வயது நிறைந்த ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கிடைத்தது. அதன்பின் அரசு ஓய்வூதியம் பலமுறை மாறி வளர்ந்தது. எனினும் அதை மட்டும் நம்பி வசதியாக வாழ இயலாது என்பது எல்லாரும் அறிந்ததே. ஆகவே பெரிய கம்பெனிகள் தங்கள் தொழிலாளருக்குத் தனி நிதி ஏற்படுத்தின. கடைசிச் சம்பளத்தை ஒட்டி ஓய்வூதியம் அளிப்பதாக அவை வாக்களித்தன. மக்கள் நீண்டநாள் வாழத் தொடங்கியதும், பங்குச் சந்தை சரிந்ததும் அந்த வாக்குறுதியின் பாரம் தெரிந்தது. தனியார் முதலாளிகள் ஒருவர்பின் ஒருவராய்ப் புதியவர்களுக்கு அக்கதவை மூடினர்.

2001-இல் அரசு ஒரு வழி கண்டது. ஐந்து பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ வேலை கொடுக்கும் முதலாளி, குறைந்த கட்டணமுள்ள ஓர் ஓய்வூதியக் கணக்கைத் தொழிலாளருக்குக் காட்ட வேண்டும் என்று விதித்தது. காட்டினால் போதும், முதலாளி பணம் போட வேண்டுவதில்லை, தொழிலாளி சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விளைவு யாதெனில், முதலாளிகள் முறைப்படி திட்டங்களைப் பதிவு செய்தனர். அவற்றுட் பெரும்பாலானவற்றில் ஓர் ஆள்கூடச் சேரவில்லை. நம் நாட்டில் பெயர்ப் பலகையோடு நின்றுவிட்ட சங்கங்களைக் கண்ட எனக்கு இது வியப்பன்று.

பின்னர் 2002 இறுதியில் ஆடேர் டர்னர் என்பவர் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. தொழிற்சங்கத்தைச் சார்ந்த ஜீனி டிரேக், லண்டன் பொருளாதாரக் கல்லூரிப் பேராசிரியர் ஜான் ஹில்ஸ் ஆகிய இருவரும் உடன் இருந்தனர். மூவரே கொண்ட சிறு குழு. 2005 நவம்பரில் வெளிவந்த அவர்களது இரண்டாம் அறிக்கை ஒரு புதிய முறையை முன்வைத்தது. சேர விரும்புவோர் கையெழுத்திட்டுச் சேர்க என்பது பழைய முறை. எல்லாரும் சேர்ந்தவரே; வேண்டாதவர் மட்டும் எழுதிக் கொடுத்து விலகுக என்பது புதிய முறை. 2008-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் இதனை ஏற்றது. 2012-இல் மிகப் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, 2018-க்குள் ஒரே ஒரு பணியாளை வைத்திருக்கும் சிறு கடை வரை இது படிப்படியாகப் பரவியது.

பேசாதிருப்பதே சம்மதம்

விதி சிக்கலானதன்று. வயது 22 நிறைந்து, அரசு ஓய்வூதிய வயதுக்கு உட்பட்டு, ஓரிடத்தில் ஆண்டுக்கு 10,000 பவுனுக்கு மேல் ஊதியம் பெறும் ஒவ்வொருவரையும் முதலாளி ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தே தீரவேண்டும். விருப்பமில்லாதவர் ஒரு மாதத்திற்குள் விலகலாம். பிடித்த பணம் திரும்பக் கிடைக்கும். அவரை விலகும்படி முதலாளி தூண்டினால் அது குற்றம். விலகியவரையும் ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒருமுறை மீண்டும் சேர்க்க வேண்டும். வேண்டாம் என்றால் அவர் மறுபடியும் எழுதிக் கொடுக்கட்டும். வாயிற்படியில் நிற்கும் அழையா விருந்தாளியைப் போல் அத்திட்டம் மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்து கதவைத் தட்டுகிறது.

தொடக்கத்தில் பிடித்தம் மிகச் சிறிது; மொத்தம் நூற்றுக்கு இரண்டு. 2018 ஏப்ரலில் ஐந்தாகி, 2019 ஏப்ரலில் எட்டாயிற்று. இந்த எட்டில் முதலாளி குறைந்தது மூன்று தரவேண்டும். எஞ்சிய ஐந்தில் நான்கு தொழிலாளியின் ஊதியத்திலிருந்தும், ஒன்று அரசின் வரிச் சலுகையாகவும் வருகிறது. முழு ஊதியத்திற்கும் கணக்கிடுவதில்லை. 2025-26-ஆம் ஆண்டில் முதல் 6,240 பவுனைத் தள்ளி, 50,270 பவுன் வரை உள்ளதற்கே கணக்கு. ஆண்டுக்கு 20,000 பவுன் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 6,240 போக எஞ்சுவது 13,760. அதில் நூற்றுக்கு எட்டு என்றால் 1,100 பவுன் 80 பென்னி. அவர் கையிலிருந்து போவது 550 பவுன் 40 பென்னி. கணக்கில் ஏறுவது அதைப்போல் இரு மடங்கு. விலகுபவர் முதலாளியின் பங்கையும் வரிச் சலுகையையும் சேர்த்து இழக்கிறார். இதைக் கணக்கிட்டுப் பார்த்துத் தங்கியவர் சிலர். கணக்கிடாமலே தங்கியவர் பலர்.

அந்தப் பலரே இத்திட்டத்தின் வெற்றி. நால்வரில் ஒருவருக்கு மேல் விலகிவிடுவர் என்று அரசு முதலில் மதிப்பிட்டிருந்தது. பத்தில் ஒருவரே விலகினர். தனியார் துறையில் தகுதியுள்ள தொழிலாளருள் 2012-இல் நூற்றுக்கு 42 பேருக்கே தொழில்வழி ஓய்வூதியக் கணக்கு இருந்தது. 2019-இல் அது 86 ஆயிற்று. ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேர்க்கப்பட்டனர். யாரும் வீடு வீடாகச் சென்று சேமிப்பின் பெருமையை உபதேசிக்கவில்லை. படிவத்தில் ‘ஆம்’ என்பதும் ‘இல்லை’ என்பதும் இடம் மாறின, அவ்வளவே.

இதன் மறுபக்கத்தை அமெரிக்காவில் முன்னரே கண்டிருந்தனர். பிரிஜிட் மாட்ரியன், டென்னிஸ் ஷே ஆகிய இருவர் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனியின் கணக்குகளை ஆராய்ந்து 2001-இல் கட்டுரை வெளியிட்டனர். தானாகச் சேர்க்கும் முறை வந்தபின், புதிய பணியாளரில் சேமிப்போர் நூற்றுக்கு 49-லிருந்து 86 ஆக உயர்ந்தனர். இது எல்லாரும் எடுத்துச் சொல்லும் செய்தி. அதே கட்டுரையில் வேறொரு செய்தியும் உண்டு. தானாகச் சேர்க்கப்பட்டவருள் பெரும்பாலோர், கம்பெனி குறித்து வைத்த நூற்றுக்கு மூன்று என்ற அளவிலேயே, கம்பெனி குறித்து வைத்த ஒரே முதலீட்டிலேயே அசையாமல் தங்கிவிட்டனர். கூட்டியதும் இல்லை, மாற்றியதும் இல்லை. சேர்ப்பதற்கு உதவிய அதே அசைவின்மை, சேர்த்த இடம் நல்லதா கெட்டதா என்று பாராமல் இருப்பதற்கும் காரணமாயிற்று. பிரிட்டனிலும் அவ்வாறே. தாமாக முதலீட்டைத் தேர்ந்தெடுப்பவர் மிகச் சிலர். ஏனையோர் பணம் அனைத்தும் திட்டத்தார் வகுத்து வைத்த பொது முதலீட்டிற்கே செல்கிறது.

இவ்விடத்தில்தான் நிர்வாகம் என்னும் பொருள் வருகிறது. விழித்திருப்பவன் பணத்தை அவனே காத்துக்கொள்வான். தன் பெயரில் கணக்கு இருப்பதையே மறந்தவன் பணத்தைக் காப்பது யார்?

வாங்குபவர் ஒருவர், விலை கொடுப்பவர் மற்றொருவர்

சந்தையில் நூல் வாங்கும் நெசவாளர் கட்டின் எடையையும் நம்பரையும் பார்த்து, பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவார். ஓய்வூதியச் சந்தை அப்படிப்பட்டதன்று. எந்த நிறுவனத்திடம் கணக்கு வைப்பது என்று முடிவு செய்பவர் முதலாளி. அதன் கட்டணத்தைச் சுமப்பவர் தொழிலாளி. விலை கூடினால் முதலாளிக்கு ஒரு பென்னியும் நட்டம் இல்லை. தொழிலாளிக்கோ விலை எவ்வளவு என்பதே தெரியாது. கட்டணம் கையில் கேட்டு வாங்கப்படுவதில்லை, கணக்கிலிருந்தே கழிக்கப்படுகிறது. 2013 செப்டம்பரில் பிரிட்டனின் நேர்மை வணிக அலுவலகம் இச்சந்தையை ஆய்ந்து, வாங்குவோர் தரப்பு பெரிதும் வலுவற்றது என்றும், போட்டி ஒன்றை மட்டும் நம்பி இதனை விட இயலாது என்றும் அறிக்கை தந்தது. போட்டி இருந்தால் விலை தானே இறங்கும் என்று பேசும் ஒரு நாட்டில் இது சிறிய ஒப்புதல் அன்று.

“கட்டணம் நூற்றுக்கு ஒன்றுதானே” என்று யாரேனும் கூறினால், அங்கத்தினர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட வேண்டும். ஒருவர் ஆண்டு முடிவில் ஆயிரம் ரூபாய் வீதம் நாற்பதாண்டு செலுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். செலுத்திய தொகை 40,000 ரூபாய். ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வீதம் வளர்ந்தால் முடிவில் 1,54,762 ரூபாய் இருக்கும். நிர்வாகக் கட்டணம் ஒன்று போக ஐந்து வீதமே வளர்ந்தால் 1,20,800 ரூபாய். வேறுபாடு ஏறக்குறைய 34,000 ரூபாய்! வாழ்நாள் முழுவதும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலுத்திய தொகைக்குச் சற்றே குறைவு. கட்டணம் ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டுச் சந்தாவின்மீது மட்டும் விழுவதில்லை. அதுவரை சேர்ந்த குவியல் முழுவதன்மீதும் விழுகிறது. வட்டிக்கு வட்டி சேர்வதைப் போல, கழிவுக்குக் கழிவும் சேர்கிறது. இக்கணக்கை நான் ஒரு சங்கத்தின் படிப்பு வட்டத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது, கூட்டுறவுப் பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் பிழை இருக்கும் என்று மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தார். பிழை இல்லை.

ஆகவே 2015 ஏப்ரலில் அரசு ஓர் உச்சவரம்பு விதித்தது. கேளாமல் சேர்க்கப்பட்டவர் பணம் செல்லும் பொது முதலீட்டில் நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு 0.75 சதவீதத்தைத் தாண்டலாகாது. இதற்கு முன்னரே அரசு வேறொரு காரியமும் செய்திருந்தது. சிறு கடைக்காரரையும் வீட்டு வேலைக்கு ஒருவரை அமர்த்தியவரையும் தனியார் கம்பெனிகள் இலாபமில்லை என்று ஒதுக்கக்கூடும் என அறிந்து, எவர் வந்தாலும் மறுக்கலாகாது என்ற கடமையுடன் தேசிய வேலைவாய்ப்புச் சேமிப்பு அறக்கட்டளையை 2010-இல் அமைத்தது. அதனைச் சுருக்கமாக நெஸ்ட் என்பர். குவியலின்மீது 0.3 சதவீதம், ஒவ்வொரு சந்தாவின்மீதும் 1.8 சதவீதம் என்பது அதன் கட்டணம். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அதில் கணக்கு வைத்திருக்கின்றனர். நல்ல சரக்கைச் சட்டம் மட்டும் தர இயலாது. நேர்மையான விலைக்கு விற்கும் ஒரு கடையும் ஊரில் இருக்க வேண்டும். நம் கூட்டுறவுப் பண்டகசாலைகளின் தத்துவமும் இதுவே அல்லவா?

கடலில் விழுந்தவர் விட்டுச் சென்ற கணக்கு

விலை கூடுவது ஓர் ஆபத்து. முதலே மறைவது மற்றோர் ஆபத்து. அதன் கதை 2012-க்கும் இருபதாண்டு முந்தியது.

1991 நவம்பர் 5-ஆம் நாள் டெய்லி மிரர் பத்திரிகையின் அதிபர் ராபர்ட் மாக்ஸ்வெல் கானரித் தீவுகளின் அருகே தம் உல்லாசக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்தார். சில வாரங்களில் அவருடைய கம்பெனித் தொழிலாளரின் ஓய்வூதிய நிதிகளில் நாற்பது கோடிப் பவுனுக்கு மேல் காணவில்லை என்று தெரியவந்தது. நிதிக்குச் சொந்தமான பங்குப் பத்திரங்களை வங்கிகளில் அடகு வைத்துத் தம் கம்பெனிகளின் கடனைத் தாங்கியிருந்தார். அந்நிதிகளின் முதலீட்டை நிர்வகித்த கம்பெனிக்கும் அவரே தலைவர். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவராயின் ரசீதுக்கு என்ன மதிப்பு? இதன்பின் பேராசிரியர் ராய் கூட் தலைமையில் குழு அமைந்து, அதன் அறிக்கையை ஒட்டி 1995-இல் புதிய ஓய்வூதியச் சட்டம் வந்தது.

மாக்ஸ்வெல் பெரும் பணக்காரர். நம் சங்கங்களில் அத்தகையோர் இல்லை என்று ஆறுதல் கொள்ள வேண்டா. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றேன். ஊரின் பெயர் வேண்டா. கூலிப் பட்டியலில் சிக்கன நிதிப் பிடித்தம் வாரந்தோறும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. கூட்டலில் ஒரு காசு பிசகவில்லை. வங்கியில் செலுத்திய சீட்டுகளைக் கேட்டேன். பதினோரு மாதத்திற்கு ஒன்றும் இல்லை. செயலாளர் தலை குனிந்து, “நூல் வாங்கப் பணம் இல்லை, ஐயா. தறி நின்றால் அவர்களுக்குத்தானே நட்டம்? தள்ளுபடி மானியம் வந்ததும் கட்டிவிடலாம் என்றிருந்தேன்” என்றார். அவர் கூறியது பொய்யன்று. நூல் வந்திருந்தது, தறியும் ஓடியது. தம் பைக்குள் ஒரு ரூபாயும் அவர் போட்டுக்கொள்ளவில்லை. ஆயினும் அந்தப் பதினோரு மாதத்திற்குள் ஒரு நெசவாளர் இறந்துவிட்டார். அவர் மனைவி வந்து கணக்கைக் கேட்டபோது, பிடித்த தொகையும் இல்லை. அதனோடு சேரவேண்டிய அரசின் பங்கும் வரவில்லை. “அவர் இருந்தவரை வாரம் தவறாமல் பிடித்தீர்களே, ஐயா” என்று மட்டும் அந்த அம்மாள் கூறினார். அங்கத்தினர்களின் பாஸ்புத்தகங்கள் அனைத்தும் அலுவலக இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. பத்திரமாக இருந்ததால் ஒருவரும் பார்த்ததில்லை.

ஆறு மாதத்திற்கு முன் அதே சங்கத்தை ஆய்ந்தவனும் நானே. அன்று கூலிப் பட்டியலின் கூட்டலைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டுவிட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். அப்போதே ஐந்து மாதத் தொகை செலுத்தப்படாமல் இருந்தது.

பிரிட்டனில் இதற்கென ஒரு கெடு உண்டு. ஊதியத்தில் பிடித்த தொகை அடுத்த மாதம் 22-ஆம் தேதிக்குள், காசோலையாயின் 19-ஆம் தேதிக்குள், ஓய்வூதியத் திட்டத்தை அடைய வேண்டும். அடையவில்லையெனில், முக்கியமான தவறுகளைத் திட்டத்தார் ஓய்வூதிய ஒழுங்காணையத்திற்கு அறிவிக்க வேண்டும். தொழிலாளிக்கும் சொல்ல வேண்டும். அறிவிப்புக்குப் பணியாத முதலாளிக்கு முதலில் 400 பவுன் அபராதம். பின்னர் பணியாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப நாளுக்கு 50 பவுன் முதல் 10,000 பவுன் வரை. தொழிலாளி கேட்கமாட்டார் என்று தெரிந்தே, அவருக்குப் பதிலாகக் கேட்க ஒருவரைச் சட்டம் வைத்திருக்கிறது.

அறங்காவலரும் ஆலோசனைக் குழுவும்

அங்குள்ள திட்டங்கள் இரு வகை. ஒரு வகை அறக்கட்டளை. நம் கோயில் அறங்காவலரைப் போல, அங்கும் நிதி முழுவதும் அறங்காவலர் பெயரில் இருக்கும். முதலாளிக்கு அதில் உரிமை இல்லை. உறுப்பினர் நலனுக்காக அன்றி அதில் அவர்கள் கை வைக்கலாகாது. நிதி முதலீட்டையும் ஓய்வூதியச் சட்டத்தையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஐந்தொகையை வாசிக்கத் தெரியாமலே பத்தாண்டு நிர்வாகக் குழுவில் வீற்றிருக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. கம்பெனியின் சொந்தத் திட்டங்களில் அறங்காவலருள் மூன்றில் ஒரு பங்கினரேனும் உறுப்பினரால் முன்மொழியப்பட்டவராக இருக்க வேண்டும். தொழிலாளரே தம் பணத்துக் காவலில் அமர்வது கூட்டுறவாளருக்கு உவப்பான ஏற்பாடு.

மற்றொரு வகை ஒப்பந்தம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நேரடி ஒப்பந்தம். நடுவில் அறங்காவலர் இல்லை. இக்குறையைப் போக்க 2015 ஏப்ரல் முதல் அக்கம்பெனிகள் ஒவ்வொன்றும் சுயேச்சையான நிர்வாகக் கண்காணிப்புக் குழுவை அமைக்க வேண்டும் என்று நிதி நடத்தை ஆணையம் விதித்தது. குறைந்தது ஐந்து பேர். தலைவர் உட்படப் பெரும்பான்மையோர் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாதவர். கொடுத்த விலைக்குத் தக்க பயன் தொழிலாளிக்குக் கிடைக்கிறதா என்று ஆய்ந்து, ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுவது அவர்கள் வேலை. நல்ல ஏற்பாடே. ஆனால் அறங்காவலருக்கு உள்ள வலிமை அவர்களுக்கு இல்லை. முதலீட்டு நிர்வாகி திருப்தியாக இல்லையெனில் அறங்காவலர் அவரை மாற்றலாம். இக்குழுவோ கம்பெனியின் இயக்குநர்களுக்கு எழுதலாம். அவர்கள் செவிசாய்க்காவிடில் ஆணையத்திடம் முறையிடலாம். குழுவினரை நியமித்து ஊதியம் தருவதும் அக்கம்பெனியே. எடுத்துரைக்கும் உரிமையும் நீக்கும் உரிமையும் ஒன்றல்ல என்பதை, ஆய்வுக் குறிப்பு எழுதி எழுதிக் கை சலித்த என் போன்றோர் நன்கறிவோம்.

பல முதலாளிகளின் தொழிலாளரை ஒரே அறக்கட்டளையில் சேர்க்கும் பெருந்திட்டங்களும் புற்றீசல்போல் கிளம்பின. முதலும் அனுபவமும் இல்லாதவரும் கடை விரித்தனர். 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2018 அக்டோபர் முதல் இவை ஒழுங்காணையத்தின் அனுமதி பெறவேண்டியதாயிற்று. நடத்துவோர் தகுதி, கையிருப்பு முதல், கணக்கு முறை, திட்டத்தை மூட நேர்ந்தால் உறுப்பினர் பணத்தைக் கெடுதலின்றி மாற்றும் வழி ஆகியவற்றைக் காட்ட வேண்டியிருந்தது. ஏறக்குறைய தொண்ணூறாய் இருந்தவை நாற்பதிற்கும் குறைவாயின. விலகியவை தம் உறுப்பினரை மற்றவற்றிற்கு ஒப்படைத்தன.

இவ்வளவு காவலும் சேமிக்கும் காலத்திற்கே. 2015 ஏப்ரலுக்குப் பின் அந்நாட்டில் சேமிப்பாளர் ஐம்பத்தைந்து வயதானதும் தம் குவியலை விரும்பியவாறு எடுக்கலாம். மாதாமாதம் வரும் ஓய்வூதியமாக மாற்றவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. நாற்பதாண்டு அவரை ஒன்றும் கேளாமல் நடத்திவிட்டு, முடிவில் கணக்கப்பிள்ளைக்கும் கடினமான கேள்வியை அவர் கையில் கொடுத்துவிடுகின்றனர். இது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலை மாறுந்தோறும் ஒரு புதுக்கணக்கு தோன்றி, பழைய சிறு கணக்குகள் மறக்கப்பட்டுக் கிடப்பதும் அங்கு தீராத தலைவலி.

வலைக்கு வெளியே நிற்கும் தறி

ஸ்காட்லாந்திற்கு மேற்கே உள்ள தீவுகளில் ஹாரிஸ் ட்வீட் என்னும் கம்பளித் துணி நெய்யப்படுகிறது. தீவு வாசிகள் தம் வீட்டிலேயே கையால் நெய்தால்தான் அப்பெயர் இடலாம் என்று 1993-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆலை பாவும் நூலும் அனுப்பும். நெசவாளர் காலால் தறியை இயக்கி நெய்து திருப்பி அனுப்புவார். நம் நெசவாளருக்கு அந்நியமான வாழ்க்கை அன்று. அந்நெசவாளர் சொந்தத் தொழில் செய்பவராகவே கருதப்படுகின்றனர். ஆகவே நான் இதுவரை விவரித்த திட்டம் அவர்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. சேர்க்க முதலாளி இல்லை. மூன்று சதவீதம் தருவாரும் இல்லை. அவ்வாறே இரண்டு மூன்று இடங்களில் சிறு வேலை செய்து, ஓரிடத்திலும் 10,000 பவுனை எட்டாதவரும் தாமே கேட்டாலன்றிச் சேர்க்கப்படுவதில்லை. இவர்களுள் பெண்களே மிகுதி.

நம் நாட்டிலும் 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் சேமநிதிச் சட்டம், ஐம்பது பேருக்குக் குறைவாக வேலைக்கு அமர்த்தி, விசையின்றி இயங்கும் கூட்டுறவுச் சங்கங்களைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருந்தது. 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் பதினெட்டு முதல் நாற்பது வயது வரை உள்ளவர் சேரலாம். சேர்ந்தபின் சந்தா வங்கிக் கணக்கிலிருந்து தானே கழியும். ஆனால் சேர்வதற்கு அவரே முன்வந்து முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். டர்னர் ஆணையம் மாற்றி அமைத்தது அந்த முதல் அடியைத்தான். தமிழ்நாட்டுக் கூட்டுறவு நெசவாளர்க்குள்ள சேமிப்புத் திட்டத்தில், ரூபாய்க்கு இத்தனை காசு என்று சங்கமே கூலியில் பிடித்து, அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. பிரிட்டன் 2012-இல் கண்ட வழியின் சாயல் இதில் உண்டு. பிடிக்கும் பாதி நமக்கு நன்றாகவே வருகிறது. காக்கும் பாதியில்தான் அங்கத்தினர் கண் வைக்க வேண்டும்.

அதற்குப் பெரிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பாஸ்புத்தகம் அவரவர் வீட்டில் இருக்கட்டும். கூலிப் பட்டியலின் கூட்டுத்தொகையும் வங்கிச் சீட்டின் தொகையும் ஒன்றாக உள்ளனவா என்று மாதம் ஒருமுறை இரு அங்கத்தினர், நிர்வாகக் குழுவைச் சாராதவர், பார்க்கட்டும். நூல் முதலுக்குப் பணம் போதாவிட்டால் அதற்கு மத்திய கூட்டுறவு வங்கியின் காசுக்கடன் இருக்கிறது. சிக்கன நிதி அதற்கு உரியதன்று என்று பொதுப் பேரவை தீர்மானத்தில் எழுதி வைக்கட்டும்.

நான் முன்பு குறிப்பிட்ட சங்கம் அப்பணத்தை எட்டுத் தவணையில் கட்டி முடித்தது. அந்த அம்மாளின் தொகையை முதல் தவணையிலேயே கொடுக்கச் செய்தோம். இப்போது அங்கே வங்கிச் சீட்டின் நகல் ஒவ்வொரு மாதமும் கூலி கொடுக்கும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டப்படுகிறது. சென்ற முறை நான் போனபோது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முதிய நெசவாளர் ஒருவர், இம்மாதச் சீட்டு ஏழு நாள் தாமதம் என்று செயலாளரோடு வழக்காடிக்கொண்டிருந்தார். செயலாளர் என்னைப் பார்த்து, “நீங்களே சொல்லுங்கள், ஐயா, நடுவே மூன்று நாள் வங்கி விடுமுறை” என்றார். மற்ற நான்கு நாளுக்கு என்ன கணக்கு என்று அப்பெரியவர் கேட்டார்.